சிவப்புக் கதவும் 28 நாட்களும்

போன செவ்வாய்க்கிழமை இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஒரு தம்பி தொலைபேசி எடுத்தான். முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியன். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஸ்டொக்டனில் அகதிகளுக்கென்று எடுத்த வீடொன்றில் இன்னும் நாலு பேரோடு இரண்டு வருடமாக இருக்கிறான். "அண்ணை, விசா குடுத்திட்டாங்கள்" என்றான். அதற்குமேல் குரல் வரவில்லை. அழுகிறான் என்று தெரிந்ததும் நானும் பேசாமல் இருந்தேன். கொஞ்சநேரம் கழித்து அவனே கேட்டான்: "இனி லண்டனுக்குப் போகலாம்தானே அண்ணை? ஈஸ்ட்ஹாமில மாமா முறையான ஒருத்தர் இருக்கிறார்."

எனக்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்ததோ? அதில என்ன திகதி போட்டிருக்கு?" என்றுதான் கேட்டேன். பிறகு யோசிக்கக் கவலையாக இருந்தது. இரண்டு வருடம் காத்திருந்தவன், ஒரு நிமிடமாவது சந்தோசப்பட்டிருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் அந்த ஒரு நிமிடத்திலிருந்தே, அகதிக்குத் தந்த வீட்டை விட்டு வெளியேற நாள் எண்ணத் தொடங்கிவிடும். அதை நான் 2016இல் பட்டுத்தான் படித்தேன். அவனுக்குத் தொலைபேசியில் துண்டுதுண்டாகச் சொன்னதை, அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் வந்தது 2013 கடைசியில். குரொய்டனில் பெயர் பதிந்து, சில வாரம் ஒரு விடுதியில் இருந்தபின் ஒருநாள் வான் வண்டியொன்றில் ஏற்றினார்கள். எங்கே போகிறோம் என்று சாரதியிடம் கேட்டேன். "மிடில்ஸ்பரோ" என்றார். அப்படியோர் ஊர் இருப்பது அன்றுதான் தெரியும். லண்டனில் ஈலிங் அம்மன் கோயில், டூட்டிங் கடைகள், ஈஸ்ட்ஹாம் என்று கேள்விப்பட்டு வந்தவனை வடகிழக்கில் டீஸ் ஆற்றங்கரையில், கடல்காற்று எலும்புக்குள் புகும் ஓர் ஊரில் இறக்கிவிட்டார்கள். நவம்பர் மாதம். பின்னேரம் 4 மணிக்கே இருட்டு.

ஏன் அங்கே? 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2000ஆம் ஆண்டிலிருந்து தங்குமிடம் கேட்கும் அகதிகளை லண்டனுக்கு வெளியே பிரித்து அனுப்பினார்கள். எந்த ஊர் என்று தெரிவுசெய்ய நமக்கு உரிமை இல்லை. வீட்டு வாடகை மலிவான ஊர்களுக்கே ஆட்கள் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு ஏன் மலிவு? உருக்காலையும் கப்பல் கட்டும் வேலையும் ஒவ்வொன்றாக மூடி, வேலை தேடிச் சனம் வெளியேறியதால் மலிவு. ஏற்கெனவே இழந்த ஊர்களுக்குத்தான் எங்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்த ஒரு விசயம் விளங்கியிருந்தால், தெருவில் சிலர் எங்களைப் பார்த்த பார்வையை நான் முதல் வருடத்திலேயே புரிந்துகொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக்கதவு சிவப்பு. நல்ல இரத்தச் சிவப்பு, பளபளவென்று. உள்ளே ஐந்து அறை, ஐந்து ஆம்பிளைகள்: ஒரு எரித்திரியர், ஒரு சூடானியர், இரண்டு ஈரானியர், நான். அடுத்த தெருவிலும் சிவப்புக் கதவு வீடுகள் இருந்தன. அங்கிருந்தவர்களும் அகதிகள். நாங்கள் அதை வசதியாகத்தான் நினைத்தோம், புதிதாக வருகிறவனுக்கு "சிவப்புக் கதவைத் தட்டு" என்று வழி சொல்லலாம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த அடையாளம் மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு முட்டை எறிந்தார்கள். மஞ்சள்கரு சிவப்புப் பூச்சில் வடிந்து காய்ந்துவிட்டது. அடுத்தநாள் காலை நானும் சூடான்காரரும் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டிக் கழுவினோம். ஊரில் போர்க்காலத்தில் செல்லடிக்குப் பயந்து பதுங்கிய எனக்கு முட்டை பெரிய விசயமில்லை. ஆனால் கழுவும்போது கை நடுங்கியது. 2016 ஜனவரியில் இந்தச் சிவப்புக் கதவுகள் நாடுமுழுக்கச் செய்தியாகி, பாராளுமன்றம்வரை பேச்சுப் போனது. பிறகு வேறுவேறு நிறம் பூசினார்கள். எங்கள் கதவு பச்சையானது.

பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேய அம்மா இருந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். நான் போன முதல் கிழமை குப்பையைத் தவறான வாளியில் போட்டுவிட்டேன். வீட்டுச் செருப்போடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து "நவ் தென்" என்றார். நான் படித்த ஆங்கிலத்தில் அது சண்டைக்கு இழுக்கிற சொல். 'இப்ப என்ன செய்யப்போகிறாய்' என்று மிரட்டுகிறார் என்றே நினைத்து, "சொரி, சொரி" என்று உள்ளே ஓடிவிட்டேன். அந்தப் பக்கத்தில் 'நவ் தென்' என்றால் வணக்கம் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அந்த அம்மா ஒவ்வொரு நாளும் வணக்கம் சொல்ல, நான் ஒவ்வொரு நாளும் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன். அவர் என்னை என்னவென்று நினைத்திருப்பார்!

நம்மவர்கள் இந்த இடத்தில்தான் கூடுதலாகத் தடுமாறுகிறோம். ஆங்கிலம் தெரியாதது ஒரு பிரச்சினை. தெரிந்த ஆங்கிலம் அந்த ஊர் ஆங்கிலமாக இல்லாதது இன்னொரு பிரச்சினை. இலவச ஆங்கில வகுப்புக்கு இங்கிலாந்தில் அகதி விண்ணப்பதாரர்கள் 6 மாதம் காத்திருக்கவேண்டும். அதுவரை சும்மா இருக்கவேண்டாம். தேவாலயங்களில் கிழமைக்கு ஒருதரம் தேத்தண்ணியோடு கதைக்கிற வகுப்புகள் நடக்கும், மதம் மாறச் சொல்லிக் கேட்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது, நான் போன இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பொதுநூலகத்தில் அட்டை இலவசம். சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் தடை, தொண்டு நிறுவனங்களில் தொண்டராக வேலைசெய்யத் தடை இல்லை. நான் ஒரு பழைய உடுப்புக் கடையில் கிழமைக்கு இரண்டு நாள் நின்றேன். பிறகு வேலை கேட்டுப் போனபோது அந்தக் கடை மனேஜர் தந்த கடிதம்தான் என்னிடமிருந்த ஒரே நற்சான்றிதழ்.

அப்போது கிழமைக்கு 36.95 பவுண் தருவார்கள். அதை எடுக்கத் தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கவேண்டும். எங்களுக்குப் பின்னால் ஓய்வூதியம் எடுக்க முதியவர்கள் நிற்பார்கள். "இவங்களுக்குக் காசு, வீடு எல்லாம் சும்மா" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் மாற்றியவர் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான்.

2015 ஒக்டோபரில் பக்கத்து ஊரான ரெட்காரில் இருந்த உருக்காலை மூடப்பட்டது. 2,000 பேருக்கு மேல் ஒரேயடியாக வேலை போனது. அவரின் மருமகனும் அதில் ஒருவர். மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அவரின் சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருநாள் சுவருக்கு மேலால் என்னிடம் கேட்டார், முகத்தில் கோபமில்லை, களைப்புத்தான்: "என் மகள் கவுன்சில் வீட்டுக்கு எழுதிக் கொடுத்து நாலு வருடம். உங்களுக்கு எப்படி வந்தவுடனே கிடைத்தது?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். இது கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, குறைந்த வாடகைக்கு விடும் வீடு இல்லை. கேஸ் முடியாத அகதிக்குக் கவுன்சில் வீடு கேட்கவே உரிமை இல்லை. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்த கம்பனி தனியார் வீட்டை எடுத்து எங்களைப் போடுகிறது. என் அறைக்குள் யார் வருவார், எந்த நேரம் வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று எனக்கே தெரியாது. அவர் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, தன் தாய் இருந்த கவுன்சில் வீட்டைப் பற்றிச் சொன்னார். 1980ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் குடியிருந்தவர்களே குறைந்த விலைக்கு வாங்கலாம் என்று ஆனதும் தாய் வாங்கினாராம். தாய் இறந்தபின் அதை விற்று அண்ணன் தங்கைகள் பங்கு பிரித்தார்கள். இப்போது அந்த வீட்டை ஒருவர் வாடகைக்கு விடுகிறார். "அந்த வீட்டு வாடகையை என் மகளால் கட்ட முடியாது" என்றார். இங்கிலாந்தின் வீட்டுப் பஞ்சத்தைப் பற்றிப் பிறகு நான் எவ்வளவோ வாசித்தேன். அவர் சொன்ன அளவுக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை. விற்ற வீடுகளுக்குப் பதிலாக அதேயளவு புதிதாகக் கட்டவில்லை. இன்று இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டுக் காத்திருப்புப் பட்டியலில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் 1,30,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன. அவர் மகளும் வரிசையில், நானும் வரிசையில். வரிசை நீண்டதற்கு நாங்கள் இருவரும் காரணமில்லை.

அன்று பின்னேரம் அவர் ஒரு பார்மோ கொண்டுவந்து தந்தார். கோழிநெஞ்சைத் தட்டித் தட்டையாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே வெள்ளைச் சோஸும் சீஸும் போட்ட அந்த ஊர்ச் சாப்பாடு. அடுத்த ஞாயிறு நான் ரோல்ஸ் செய்து கொடுத்தேன். அதற்கும் ரொட்டித்தூள்தானே. உறைப்புத் தாங்காமல் கண்ணீர் வடிய வடிய இரண்டு சாப்பிட்டார்.

அந்த வீட்டில் என் அறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கம்பனிக்காரரிடம் சொன்னபோது, "நீங்கள் சமைக்கிற முறையாலும் உடுப்பை உள்ளே காயப்போடுவதாலும்" என்றார்கள். நானும் நம்பினேன், வெட்கப்பட்டேன், ஒரு மாதம் கறி வைக்காமல் பாண் சாப்பிட்டேன். பூஞ்சணம் குறையவில்லை. சுவருக்கு வெளியே தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. பல வருடம் கழித்து, ரொச்டேலில் 2020 டிசெம்பரில் இறந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் செய்தியை வாசித்தேன். சூடானிய பெற்றோர். வீட்டுப் பூஞ்சணத்தைத் தொடர்ந்து சுவாசித்ததால் வந்த மரணம் என்று விசாரணையில் முடிவானது. அங்கேயும் குடும்பத்தின் வாழ்க்கை முறைமேல் பழியைப் போட்டிருந்தார்கள். அவன் பெயரில் சட்டம் வந்து, 2025 ஒக்டோபரிலிருந்து சமூக வீடுகளின் (கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள்) உரிமையாளர்கள் குறித்த காலத்துக்குள் பூஞ்சணத்தைக் கவனிக்கவேண்டும் என்றாகியிருக்கிறது. தனியார் வீட்டுக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் எந்த வீடாக இருந்தாலும் ஒன்று செய்யுங்கள்: திகதி தெரியப் படம் எடுங்கள், வாயால் சொல்லாமல் எழுத்தில் முறையிடுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். "எங்கட சமையலாலதான்" என்று நீங்களாகவே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தரம் என் கேஸ் நிராகரிக்கப்பட்டது. 2016 பெப்ரவரியில் நோர்த் ஷீல்ட்ஸ் நீதிமன்றத்தில் மேன்முறையீட்டில் வென்றேன். லோயர் தொலைபேசியில் சொன்னபோது தெருவில் நின்று அழுதேன். அறைக்கு வந்து அம்மாவுக்கு அழைத்தேன், அவர் கோயிலுக்கு நேர்ந்ததைச் செய்யப்போவதாகச் சொன்னார். பிறகு விசா அட்டை வந்தது. அதன் பின்னால் இன்னொரு கடிதம். 28 நாளில் உதவிப்பணம் நிற்கும், வீட்டை ஒப்படைக்கவேண்டும்.

28 நாள் என்றால் நிறைய என்று நினைத்தேன். ஒரு கிழமை சந்தோசத்திலேயே போனது, சூடான்காரர் ஆட்டிறைச்சி சமைத்து விருந்து வைத்தார். உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கத் தேசியக் காப்புறுதி இலக்கம் வேண்டும் என்றார்கள். அது வர ஆறு கிழமை ஆனது. வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். என் முகவரியோ இன்னும் மூன்று கிழமையில் இல்லாமல் போகிற முகவரி. ஓர் அலுவலகத்தில், தனி ஆம்பிளை, நோயும் இல்லை, பிள்ளையும் இல்லை, உங்களுக்கு முன்னுரிமை இல்லை என்று சொன்னார்கள். சட்டம் அப்படித்தான் இருந்தது. வாடகைக்கு அறை கேட்டால், பிணைக்கு ஆள் உண்டோ, ஆறு மாத வாடகை முன்னதாகத் தருவீரோ என்றார்கள். 28ஆம் நாள் காலை ஒருவர் வந்து திறப்பை வாங்கினார். இரண்டு பையோடு பச்சைக் கதவுக்கு வெளியே நின்றேன். அகதியாக இருந்தபோது எனக்கு ஒரு கூரை இருந்தது. அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகு அது இல்லை.

தேவாலய ஆங்கில வகுப்பில் அறிமுகமான ஒரு வயதான தம்பதி 11 இரவு தங்கவைத்தார்கள். பைகளைப் பக்கத்து வீட்டு அம்மா வாங்கித் தன் மாடிப்படிக்குக் கீழே வைத்தார். பிறகு அவர்தான் ஒரு வீட்டுக்காரரைக் கூட்டிவந்து, "இவன் குப்பையை ஒழுங்காகப் போடுகிறவன்" என்று சொன்னார். பிணையாள் கேட்காமல் அறை தந்தது அந்த ஒரு வசனத்துக்காக.

என்னோடு அதே மாதத்தில் அந்தஸ்துக் கிடைத்த இன்னொரு யாழ்ப்பாணத்து நண்பன் லண்டனுக்குப் பஸ் ஏறினான். நம்மாட்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, கடையில் வேலை எடுக்கலாம் என்ற கணக்கு. வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. கடைக்கு மேலே ஓர் அறையில் ஆறு பேர், முறைவைத்துப் படுக்கை. கவுன்சிலுக்குப் போனால், "உமக்கு இங்கே தொடர்பில்லை, மிடில்ஸ்பரோவுக்குப் போம்" என்றார்கள். அவன் திரும்பிவர மறுத்துவிட்டான். மூன்று வருடம் அப்படியே போனது. அவனுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவன் தமிழில் மட்டும்தான் கதைத்திருக்கிறான். நம்மாட்களின் உதவி பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டை எங்கே கேட்கலாம் என்பது சட்டம் தீர்மானிக்கிற விசயம். மாமா முறையானவரால் அதை மாற்ற முடியாது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். இங்கிலாந்தில், கேஸ் நடக்கும் காலத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவின் கீழ் கடைசியாக எந்த ஊரில் வீடு தந்தார்களோ அந்த ஊரோடு உனக்குச் சட்டப்படி 'உள்ளூர்த் தொடர்பு' உண்டாகிறது. உன்னைக் கேட்காமல் அனுப்பிய ஊரானாலும் வீடு கேட்கும் உரிமை முதலில் அங்கேதான். வேறு ஊரில் நெருங்கிய குடும்பமோ நிலையான வேலையோ இருந்தால் கதை வேறு, தூரத்து மாமா அதற்குக் காணாது. வெளியேறச் சொல்லும் கடிதம் கையில் கிடைத்த அன்றே கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குப் போ. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவர் தனி ஆளாக இருந்தாலும், தெருவுக்கு வரும்வரை காத்திருக்காமல் உதவவேண்டியது அவர்கள் கடமை. எனக்கு இல்லாத வசதி அது. உனக்கென்று ஒரு திட்டத்தை எழுத்தில் தரவேண்டும், கேட்டு வாங்கு. அவர்கள் உடனே வீடு தருவார்கள் என்று நம்பிப் போகாதே, வாடகை முற்பணத்துக்கோ பிணைக்கோ உதவுவார்கள் என்று போ.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப்பணத்துக்கு அதே நாளில் விண்ணப்பி. முதல் பணம் வர ஐந்து கிழமை எடுக்கும், அதை முன்கூட்டியே தரச்சொல்லிக் கேட்கலாம், அது கடன், மாதாமாதம் கழிப்பார்கள். இப்போது விசா அட்டை இல்லை, எல்லாம் இணையத்தில் ஈவிசா. அந்தக் கணக்கை இன்றிரவே திற, மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உன்னுடையதாக இருக்கட்டும், லோயருடையதோ நண்பனுடையதோ வேண்டாம். உன் விசாவைச் சரிபார்க்க வீட்டுக்காரர் கேட்கும் ஷெயார் கோட் என்ற குறியீட்டை அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். 35 வயதுக்குக் கீழே தனியாள் என்றால் வாடகை உதவி பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான அளவுக்குத்தான் வரும், ஆகவே தனி வீடு தேடி நாளை வீணாக்காதே. அகதிகளுக்கென்று வட்டியில்லாத ஒருங்கிணைப்புக் கடன் இருக்கிறது, வீட்டு முற்பணத்துக்கு (டெபோசிட்) அதைக் கேள், கைக்கு வரச் சில கிழமை ஆகும். அந்த வீட்டு முற்பணம் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்க முடியாது, வாங்கியவர் 30 நாளுக்குள் அதைப் பாதுகாப்புத் திட்டத்தில் போடவேண்டும். 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கவும் முடியாது. ரசீது இல்லாமல் கையில் காசு கொடுக்காதே, தமிழரென்றாலும் கொடுக்காதே.

எத்தனை நாள் தருவார்கள் என்று யாரிடமும் கேட்காமல் கடிதத்தைப் பார்க்கச் சொன்னேன். 2023இல் சிலருக்கு ஏழே நாள்தான் கையில் மிஞ்சியது. 2024 டிசெம்பரில் பரீட்சித்துப் பார்க்கவென்று 56 நாள் ஆக்கினார்கள். 2025 செப்டெம்பரில் தனியாட்களுக்கு மறுபடி 28 ஆனது. போன வருடம் வந்தவன் சொல்வது உனக்குப் பொருந்தாது.

நான் இன்னும் மிடில்ஸ்பரோவில்தான் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. மனைவி 2018இல் வந்தார், மகளுக்கு ஐந்து வயது. 'கலாசாரத்தோடு ஒன்றுதல்' பற்றித் தொலைக்காட்சியில் பெரியவர்கள் கதைக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: ஒரே தெருவில் போதிய காலம் இருக்கவிட்டால் மனிதர் தானாக ஒன்றுவார். நாலு தரம் வீடு மாற்றி, ஹோட்டல் அறையில் மாதக்கணக்கில் அடைத்து, வேலைக்கும் போகவிடாமல் வைத்துவிட்டு, ஏன் நீ ஒன்றவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

அந்தத் தெருவும் எப்போதும் அன்பாக இருந்ததில்லை. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபின் பரவிய கலவரம் 2024 ஓகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கும் வந்தது. வீடுகளின் யன்னல்களை உடைத்தார்கள், வாகனங்களை மறித்து ஓட்டுபவர் எந்த இனம் என்று கேட்டார்கள். நான் வேலையில் நின்றேன். மனைவி விளக்குகளை அணைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு மேல்மாடிக் குளியலறைக்குள் இருந்து எனக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் கேக்குது." "இப்ப கேக்கேல்லை." "திருப்பிக் கேக்குது." நான் கவனித்த முதியவர் ஒருவர், என் கை நடுங்குவதைக் கண்டு, தேத்தண்ணிக் கோப்பையைத் தானே வாங்கி வைத்தார்.

அடுத்தநாள் காலை வீட்டுக்கு வரும்போது தெருவெங்கும் சனம் விளக்குமாறோடு நின்றது. யாரும் கூட்டிவந்த மாதிரித் தெரியவில்லை, தாங்களாகவே வந்திருந்தார்கள். அதில் அந்த அம்மாவும் நின்றார். இப்போது பழைய வீட்டில் இல்லை, இரண்டு தெரு தள்ளி மகளோடு இருக்கிறார். குனிய முடியாததால் கண்ணாடித் துண்டு அள்ளும் தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் "நவ் தென்" என்றார். நானும் "நவ் தென்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை வாங்கினேன்.

தம்பியின் கடிதத்தில் இன்னும் 23 நாள் இருக்கிறது. லண்டன் ரிக்கட்டை ரத்துச் செய்துவிட்டானாம், காசு திரும்பக் கிடைக்கவில்லை. நாளைக் காலை 9 மணிக்கு ஸ்டொக்டன் கவுன்சில் வாசலில் அவனைச் சந்திக்கிறேன். கடிதத்தின் இரண்டு பிரதியும், தொலைபேசிக்குச் சார்ஜரும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.